நல்ல கட்டி

முன்பெல்லாம் ஒரே மூச்சு:
ஆல்பேட்டை பெரியகங்கணாங்குப்பம் ரெட்டிச்சாவடி
கன்னியக்கோயில் கிருமாம்பாக்கம் தவளக்குப்பம்
அரியாங்குப்பம் முருங்கப்பாக்கம் முதலியார்பேட்டை
பாண்டி பாண்டி பாண்டி.
கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏர்ஹாரன்களைத் தாண்டி
திருப்பாதிரிப்புலியூர் ரயிலில் இறங்கியவன்
என் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஓடிவருவான்.

கழுத்தில் எலுமிச்சை அளவு ஒன்று
ஆறேழு வருஷமாக உட்கார்ந்திருந்தது.
வலி கிடையாது, வம்பு கிடையாது.
காலர் பட்டனைப் போடாமல் விட்டேன், அவ்வளவுதான்.

சித்திரையில் ஒரு முதல் டிரிப்.
ரெட்டிச்சாவடியில் குரல் இறங்கிக்கொண்டது.
மீதி ஊர்களுக்கு வெறும் காற்று.

டிரைவர் தனகோட்டி கொடுத்த சித்தரத்தையை
ஒரு மாசம் கடித்தேன்.
தண்ணீர் குடித்தால் புரையேறும்.
"யாரோ நெனைக்கிறாங்க" என்று தலையில் தட்டுவாள் அஞ்சலாட்சி.
நாளுக்கு நாலு தரம் நினைக்க
எனக்கு யாரடி இருக்கிறார்கள்?

விசில் இருந்தது.
விசிலுக்கு ஊர்ப்பெயர் தெரியாது.

குனிந்து காதோரம் கேட்க வேண்டியிருந்தது, எங்கே போகணும் என்று.
பச்சைப் புடவைக்காரம்மா எழுந்தே விட்டாள்:
"பொம்பளகிட்ட வந்து என்னய்யா குசுகுசுங்கற?"
பஸ் முழுக்கத் திரும்பியது.
இல்லை என்று சொல்லவும் குரல் வேண்டும்.
பையிலிருந்த சில்லறையைக் குலுக்கிக் காட்டினேன்.
எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.

ஜிப்மரில் மூக்கு வழியாகக் கேமரா விட்டார்கள்.
"ஈ... சொல்லுங்க."
திரையில் என் தொண்டை:
நம் பஸ்ஸின் இரட்டை மடிப்புக் கதவேதான்.
வலது பாதி ஓடிவந்தது.
இடது பாதி
இறங்குவதா வேண்டாமா என்று நிற்கிற ஆள் போல
நின்ற இடத்திலேயே நின்றது.

கட்டியும் இருந்து குரலும் போனால்
தெருவுக்குத் தெரியும் அது என்னவென்று.
யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.
மச்சான் ஆப்பிளோடு வந்தான்,
எல்ஐசி பத்திரம் எந்தப் பீரோவில் என்று விசாரித்தான்.

ஊசி குத்தி எடுத்ததற்கு ரிசல்ட் வந்த வியாழக்கிழமை
டாக்டரம்மா சிரித்தார்:
"கேன்சர் இல்ல. நல்ல கட்டி."
அஞ்சலாட்சி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.
எனக்குத் தோன்றியது,
பாம்பையும்தான் நல்ல பாம்பு என்கிறோம்.

பேப்பரைத் திருப்பி நரம்பை வரைந்தார்.
மூளையில் கிளம்பி, தொண்டையைத் தாண்டி,
நெஞ்சுவரை இறங்கி, ஒரு யு அடித்து,
மறுபடி மேலேறித்தான் குரலுக்கு வருமாம்.
வழியில்தான் கட்டி உட்கார்ந்திருக்கிறது.
"பக்கத்து ஸ்டாப்புக்கு ஏன் இவ்வளவு சுத்து?" என்றான் தனகோட்டி.
"கலெக்‌ஷன் பாக்கறாங்க போல."
சிரிக்கப் போய் இருமினேன்.

நரம்பைத் தின்னவில்லை, அழுத்தியிருக்கிறது என்றார்.
கட்டியை எடுத்தால் நரம்பு எழுந்திருக்கலாம்.
எழாமலும் இருக்கலாம்.
கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசி மழை. கழுத்தில் மாலை வாக்கில் தையல்.
இடப்பக்கம் தலையைத் திருப்பி விழுங்குகிறேன்,
சொல்லிக்கொடுத்தபடி.
என் வண்டியில் இப்போது வேறு பையன்.
செல்போனில் பதிவுசெய்து ஸ்பீக்கரில் போடுகிறானாம்.
போடட்டும்.

பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தினம் ஒரு டிரிப்.
போன வாரம் ஆல்பேட்டை.
நேற்று கன்னியக்கோயில்
(அங்கே இறங்குகிற கூட்டத்துக்கு
எந்தக் காலத்திலும் கண்டக்டர் குரல் தேவைப்பட்டதில்லை,
கடை வாசனை போதும்).
இன்று காலை மூச்சைப் பிடித்து இன்னும் ஒரு ஸ்டாப் போய்ப் பார்த்தேன்.
கிருமாம்
என்றது வரைக்கும் கேட்டது.
பாக்கம், பாக்கி.
டிக்கெட்டின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.
இறங்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.